புதுப்பிப்பு: டீசல் இன்ஜின் மாத்துன பழைய ஜீப், காலைல செல்ஃப் இழுக்காத பிரச்சனை தீர்ந்துச்சு

பெட்ரோல் இன்ஜினை எடுத்துட்டு பியூஜியோ எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜின் போட்ட என் ஜீப்ல காலைல செல்ஃப் (இன்ஜினைச் சுத்திவிடுற ஸ்டார்ட்டர் மோட்டார்) இழுக்கவே மாட்டேங்குதுன்னு முன்னாடி இங்க கேட்டிருந்தேன்ல, சரியாயிருச்சு, எல்லாருக்கும் நன்றி. பேட்டரி, ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் பண்றப்ப டீசல் இன்ஜின் உள்ள சூடு குடுக்குறது) ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு. எர்த்தை, அதாவது கரண்ட் இன்ஜின்லயிருந்து பேட்டரி மைனஸ்க்குத் திரும்புற இணைப்பைப் பாருன்னு சொன்ன அண்ணன்தான் கரெக்ட்.

செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸ்க்கும் இன்ஜின் பிளாக்குக்கும் மீட்டர் வச்சா 2 வோல்ட்டுக்கு மேல காட்டுது, அரை வோல்ட்டுக்குள்ள இருக்கணும். இங்க ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊர் உப்புக்காத்துல எர்த் பட்டை உள்ளுக்குள்ளயே பச்சை பூத்து அரிச்சுப்போயிருக்கு, அதுவும் பெட்ரோல் காலத்து பட்டை, டீசல் கம்ப்ரெஷனுக்கு செல்ஃப் இழுக்குற கரண்ட்டை எங்க தாங்கும். தடியான புது கேபிள், சேசிஸ்ல பெயிண்ட்டை சுரண்டிட்டு போல்ட்டு, மேல கிரீஸ், அவ்வளவுதான்.

எதிர்பாராதது, ஆக்சிலரேட்டர் கேபிள் சூடாகுறதும் நின்னுருச்சு, எர்த் பட்டை சரியில்லாததால கரண்ட் அந்த கேபிள் வழியாத்தான் திரும்பிருக்கு! டெம்பரேச்சர் முள்ளும் இப்ப ஆடலை.