நடக்கும் ஸ்ப்ரைட் (விளையாட்டில் நகரும் ஆளின் படம்) கோடோவில் வழுக்கிக்கொண்டே போகிறது, ஃப்ரேம் கூட்டணுமா?

குட்டிக்கட்டம்:
பிக்சல் ஆர்ட்டுக்குப் புதுசு. 32×32 கட்டத்தில் ஒரு பையன், பக்கவாட்டில் நடக்கிற மாதிரி 8 ஃப்ரேம், ஏஸ்பிரைட் என்ற பிக்சல் வரையும் மென்பொருளில் வரைந்தேன். அங்கேயே ஓட்டிப் பார்த்தால் சுமாராக நடக்கிறான். அதை ஸ்ப்ரைட் ஷீட்டாக (எல்லா ஃப்ரேமும் அடுக்கிய ஒரே படம்) எடுத்து, விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான கோடோ 4-இல் போட்டால்தான் எல்லாத் தொல்லையும். படம் மங்கலாகத் தெரிகிறது, கால் ஏனோ மெதுவாக அசைகிறது, ஆள் மட்டும் எண்ணெய் கொட்டிய தரையில் போவதுபோல வழுக்கிக்கொண்டே போகிறான். நகரும் வேகம் விநாடிக்கு 100 பிக்சல் என்று கொடுத்திருக்கிறேன். 12 அல்லது 16 ஃப்ரேமாக ஏற்றினால் சரியாகுமா?

எட்டுபிட்:
ஏற்றாதீர்கள். இப்போது 8 படத்தைத் திருத்துகிறீர்கள், அப்புறம் 16 படத்தைத் திருத்துவீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மங்கலுக்கும் நீங்கள் வரைந்ததற்கும் சம்பந்தமே இல்லை. படத்தைப் பெரிதாக்கும்போது கோடோ பக்கத்துப் பக்கத்து நிறங்களைக் கலந்துவிடுகிறது. ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் ரெண்டரிங், அதற்குள் டெக்ஸ்சர்ஸ் போனால் 'டிஃபால்ட் டெக்ஸ்சர் ஃபில்டர்' என்று இருக்கும், லீனியரை நியரஸ்ட் ஆக்குங்கள். பெரிதாக்குவதையும் 2, 3, 4 என்று முழு மடங்கில் வையுங்கள், இரண்டரை மடங்கு வைத்தால் சில பிக்சல் தடியாகவும் சில ஒல்லியாகவும் நிற்கும், பார்க்கச் சகிக்காது.

கால் மெதுவாக அசைவதற்குக் காரணம், ஏஸ்பிரைட் தானாகக் கொடுப்பது ஒரு ஃப்ரேமுக்கு 100 மில்லிசெகண்ட், அதாவது விநாடிக்கு 10 ஃப்ரேம். கோடோவில் புதிதாக ஒரு அனிமேஷன் சேர்த்தால் அது 5 எஃப்.பி.எஸ்-இல், அதாவது விநாடிக்கு 5 ஃப்ரேமில் தொடங்கும். நீங்கள் மாற்றியிருக்க மாட்டீர்கள். 10 ஆக்குங்கள்.

நிழல்வரை:
எட்டுபிட் சொன்னது சரி, ஆனால் 10 ஆக்கினாலும் வழுக்கல் முழுசாகப் போகாது. அது கணக்குப் பிழை.

நடக்கிற ஆளின் ஒரு கால் எப்போதும் தரையில் ஊன்றியிருக்கும். உடம்பு முன்னே போகப் போக, படத்துக்குள் அந்தக் கால் அதே அளவு பின்னே வர வேண்டும். 8 ஃப்ரேம் சுற்றில் ஒரு கால் சுமார் 4 ஃப்ரேம் தரையில் இருக்கும். அகட்டி வைத்த நிலையில் இரண்டு பாதத்துக்கும் நடுவே 12 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஃப்ரேமுக்கு 3 பிக்சல் ஆகிறது, விநாடிக்கு 10 ஃப்ரேம் என்றால் 30 பிக்சல். நீங்கள் ஆளை 100-இல் தள்ளுகிறீர்கள், மீதி 70-க்கு அவன் வழுக்காமல் என்ன செய்வான்?

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி. ஏஸ்பிரைட்டில் தனி லேயரில் (படத்தின் மேல் வைக்கும் தனி அடுக்கு) தரைக்கோடு ஒன்று போடுங்கள். ஊன்றிய காலின் கட்டைவிரல் இருக்கிற இடத்தில் ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒரே ஒரு சிவப்புப் பிக்சல் வையுங்கள். எஃப்3 அழுத்தி ஆனியன் ஸ்கின்னைப் போட்டால் முந்தைய ஃப்ரேமின் புள்ளியும் மங்கலாகத் தெரியும். இடைவெளி 3, 3, 3 என்று வர வேண்டும். புதிதாக வரைகிறவர்களுக்குப் பெரும்பாலும் 1, 4, 2 என்றுதான் வரும். பந்து துள்ளுவதை வைத்து அனிமேஷன் படித்ததில் 'மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடி' என்பது மனசில் பதிந்திருக்கும். கை வீசுவதற்கு அது பொருந்தும், ஊன்றிய காலுக்குப் பொருந்தாது, தரை யாருக்காகவும் மெதுவாகாது. காற்றில் இருக்கிற காலை எப்படி வேண்டுமானாலும் வரையுங்கள், யாரும் அளக்கப்போவதில்லை.

இன்னொன்று, நமக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலுக்கும் கைக்கும் ஒரு படி இருண்ட நிறம் கொடுத்திருக்கிறீர்களா? இரண்டும் ஒரே நிறமென்றால் எந்தக் கால் முன்னே போகிறது என்றே தெரியாது.

சும்மா_வரைவேன்:
முதல் வேலைக்கே 32×32-இல் 8 ஃப்ரேம் எதற்கு என்று எனக்குப் புரியவே இல்லை. 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் குட்டி மாரியோ நடப்பது வெறும் 3 படத்தில், நிறமும் 3-தான், உலகமே பார்த்து ரசித்தது. 16×16-க்கு இறங்குங்கள், 4 ஃப்ரேம் போதும், காலே 4 பிக்சல்தான் இருக்கும், தப்பு செய்ய இடமே இருக்காது.

நிழல்வரை:
அதுவும் நியாயம்தான், கால் குட்டையாக இருந்தால் வழுக்கல் கண்ணில் படாது. ஆனால் இவர் வரைந்து முடித்துவிட்டாரே, தூக்கிப் போடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

குட்டிக்கட்டம்:
நன்றி எல்லோருக்கும். நியரஸ்ட் போட்டதும் படம் பளிச்சென்று ஆகிவிட்டது. புள்ளி வைத்துப் பார்த்தேன், நிழல்வரை சொன்ன அதே 1, 4, 2. சமப்படுத்தி வேகத்தை 30-க்குக் குறைத்ததும் வழுக்கல் போயே போச்சு! ஆனால் இந்த வேகத்தில் விளையாடினால் தூக்கம் வருகிறது. அப்புறம் தலை நடுங்குகிற மாதிரி இருக்கிறது, முகம் ஒரு ஃப்ரேமுக்கு ஒரு மாதிரி.

நிழல்வரை:
வேகம் வேண்டுமென்றால் ஓட்டத்தைத் தனியாக வரையுங்கள், நடையையே வேகமாக ஓட்டினால் பழைய ஊமைப்படம் மாதிரி ஆகிவிடும். 6 ஃப்ரேம் போதும், இரண்டு காலும் தரையில் படாத ஃப்ரேம் கட்டாயம் இருக்கட்டும், உடம்பை 2 பிக்சல் முன்னே சாயுங்கள். கால் தரையில் இருக்கிற நேரமே குறைவு என்பதால், கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கண் கண்டுகொள்ளாது.

தலையை ஒவ்வொரு ஃப்ரேமிலும் புதிதாக வரைந்திருக்கிறீர்கள், அதான் நடுக்கம். ஒரே ஒரு தலை வரைந்து தனி லேயரில் வைத்து அதையே எல்லா ஃப்ரேமுக்கும் நகல் எடுங்கள், பக்கவாட்டில் அசைக்கவே கூடாது. கால் ஊன்றும் ஃப்ரேமில் நடு உயரம், அடுத்ததில் எடை விழுந்து 1 பிக்சல் கீழே, கால்கள் கடக்கும்போது மறுபடி நடு, அதற்கடுத்து 1 பிக்சல் மேலே. அடுத்த அடிக்கும் இதேதான். இந்த அளவுள்ள ஆளுக்கு 2 பிக்சல் ஏற்றி இறக்கினால் துள்ளுகிற மாதிரி ஆகிவிடும்.

எட்டுபிட்:
இதற்கப்புறமும் நடுங்கினால் படத்தில் தேடாதீர்கள். ஆள் நிற்கிற இடம் 41.6 மாதிரி பின்ன எண்ணாக இருக்கும். ரெண்டரிங்கில் 2டி பகுதியில் 'ஸ்னாப் 2டி டிரான்ஸ்ஃபார்ம்ஸ் டு பிக்சல்' என்பதை டிக் செய்து பாருங்கள்.

குட்டிக்கட்டம்:
தலை நடுக்கம் நின்றுவிட்டது. கடைசியாக ஒன்று, இடது பக்கம் நடக்க எல்லாவற்றையும் மறுபடி வரையணுமா? வலது கையில் கத்தி இருக்கிறது, அப்படியே திருப்பினால் கத்தி இடது கைக்குப் போய்விடுகிறது.

சும்மா_வரைவேன்:
கோடோவில் படத்தை இடவலமாகத் திருப்பும் ஃப்ளிப் எச்-ஐ ஆன் செய்துவிட்டுப் படுங்கள். எத்தனையோ பழைய விளையாட்டுகளில் ஆள் திரும்பும்போது கத்தியும் கை மாறும், நீங்கள் ஒருதரமாவது கவனித்திருப்பீர்களா?

நிழல்வரை:
சட்டையில் எழுத்து இருந்தால் மட்டும் யோசியுங்கள், எழுத்தும் சேர்ந்து திரும்பிவிடும்.