காரைக்குடி செம்மண்ணுக்கு எந்த மூடாக்கு நிக்கும்?

வணக்கம். சரளை கலந்த செம்மண், 12 மாதுளை, 8 எலுமிச்சை, எல்லாம் ரெண்டு வயசுக் கன்னு. சொட்டுநீர்க் குழாய்க்கு மேல 3 அங்குல மூடாக்கு (ஈரம் காயாம மண்ணை மூடுற சருகு, உமி மாதிரி) போடணும், தண்டுல இருந்து 4 அங்குலம் தள்ளி. ஒட்டிப் போட்டா தண்டு அழுகும்.

வைக்கோல்ல கரையான் ஏறுது. உமி ஆடிக் காத்துக்குப் பக்கத்து வீட்டுக்கே போயிடும். தென்னைநார்க் கழிவு ஈரத்தை நல்லாப் பிடிக்கும். ஆனா கழுவாததுல உப்பு இருக்கும், மக்காததை மண்ணோட கலந்தா தழைச்சத்தையும் இழுத்துக்கும். தூளா கனமாப் போட்டா சிறு தூறலைத் தானே குடிச்சிட்டு வேருக்கு விடாது.

மிச்சம் கடலைத்தோலும் வேப்பஞ்சருகும்தான். கரையானுக்குக் கடலைத்தோல் தாங்குமா? அடியில வேப்பம்புண்ணாக்கு தூவினவங்க கன்னுக்கு எத்தனை கிராம் போட்டீங்க, எத்தனை மாசம் நின்னுச்சு?