கைல கட்டியிருக்கிறதே தெரியாத மாதிரி ஒரு ஜிபிஎஸ் வாட்ச் வேணும், எதைப் பார்த்து எடுக்கிறது?

காலைஓட்டம்:

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், முதல் தடவையா கேள்வி கேக்குறேன். வாரத்துல நாலு நாள் ஓட்டம், ரெண்டு நாள் தண்டால், ஸ்க்வாட், கெட்டில்பெல் (கைப்பிடி வச்ச இரும்பு குண்டு). 10 கிலோமீட்டர் இப்போ வசதியா ஓடிடுறேன், அடுத்து அரை மாரத்தானுக்கு ஒழுங்கா திட்டம் போட்டு தயாராகணும்னு முடிவு பண்ணிருக்கேன்.

இதுவரைக்கும் சொந்தக்காரர் ஒருத்தர் குடுத்த பழைய வாட்ச்தான் கட்டிட்டு இருந்தேன். நல்ல உறுதியான வாட்ச், ஆனா இரும்பு உடம்பு, கிட்டத்தட்ட 80 கிராம். என் மணிக்கட்டு சுத்தளவு 14.5 சென்டிமீட்டர்தான். லூசா கட்டினா ஓடும்போது டக் டக்னு எலும்புல வந்து இடிக்குது, இறுக்கிக் கட்டினா ஓட்டம் முடிஞ்சு கழட்டும்போது சென்சார் வடிவத்துலயே தோல்ல வட்டமா தடம் பதிஞ்சு நிக்குது. இதைவிட பெரிய குழப்பம் என்னன்னா, கூட ஓடுறவங்களோட பேசிக்கிட்டே நிதானமா ஓடுற நாள்லயும் இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு 178னு காட்டுது. எனக்கு வயசு 34, மூச்சு வாங்கவே இல்ல, அப்புறம் எப்படி 178? தண்டால் எடுக்கும்போது கைய பின்னாடி மடக்கினா பக்கத்துல இருக்கிற பட்டன் புறங்கைல குத்துது, ரெண்டு தடவை பட்டன் தானா அமுங்கி பயிற்சி பாதியிலயே நின்னு போச்சு.

அதனால லேசான வாட்ச் வேணும். ஜிபிஎஸ் நம்பகமா இருக்கணும், துடிப்பு ஓரளவு சரியா வரணும், அவ்வளவுதான். போன் பேசுறது, பாட்டு, மேப் எதுவும் வேண்டாம். 30 கிராமுக்கும் 50 கிராமுக்கும் கைல நிஜமாவே வித்தியாசம் தெரியுமா? ஜிபிஎஸ்ல டூயல் ஃப்ரீக்வன்சின்னு, ரெண்டு அலைவரிசைல சிக்னல் பிடிக்குமாம், எல்லா இடத்துலயும் சொல்றாங்களே, அது எனக்கு அவசியமா?

மேட்டுப்பாதை:

வாங்க வாங்க. கேள்விய இவ்வளவு தெளிவா கேட்டதே பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

வித்தியாசம் தெரியும், ஆனா நீங்க நினைக்கிற காரணத்தால இல்ல. 20 கிராம் தூக்க கைக்கு ஒரு சிரமமும் கிடையாது. கை ஒவ்வொரு வீச்சுலயும் முன்னாடி போய் நின்னு திரும்புது இல்லயா, அந்த நிக்கிற இடத்துல வாட்ச் மட்டும் இன்னும் கொஞ்சம் முன்னாடி போகப் பார்க்கும். எடை கூடக்கூட அந்த இழுப்பும் கூடும், அதை அடக்க நீங்க ஸ்ட்ராப்பை இறுக்கணும், இறுக்கினா தடம். லேசான வாட்ச்னா மிதமா கட்டினாலே அசையாம உக்காந்துக்கும். அதனால கிராமை மட்டும் பார்க்காதீங்க, தடிமனையும் பாருங்க. உயரமா நிக்கிற வாட்ச், எடை கம்மியா இருந்தாலும் பக்கவாட்டுல சாஞ்சு சாஞ்சு ஆடும்.

எனக்குத் தெரிஞ்சு உங்க கைக்குப் பொருந்துறது இதுங்கதான். கோரோஸ் பேஸ் 3, நைலான் ஸ்ட்ராப்போட 30 கிராம், அதே வாட்ச் சிலிகான் ஸ்ட்ராப்போட 39 கிராம். ஸ்ட்ராப் மட்டுமே 9 கிராம் வித்தியாசம் பண்ணுதுன்னு பாருங்க, அதனால எந்தக் கம்பெனி எடை சொன்னாலும் எந்த ஸ்ட்ராப்போட சொல்றாங்கன்னு கவனிச்சுக்கோங்க. கார்மின் ஃபோர்ரன்னர் 55, 37 கிராம், 42 மில்லிமீட்டர், 2021ல வந்த பழைய மாடல்தான், ஆனா வெறும் ஓட்டத்துக்கு இன்னைக்கும் போதும், ஜிபிஎஸ் ஓடவிட்டா 20 மணி நேரம் வரைக்கும் தாங்கும்னு கம்பெனி கணக்கு. ஃபோர்ரன்னர் 165 வந்து 39 கிராம், அமோலெட் திரை, உயரம் அளக்கிற பாரோமீட்டர் இருக்கு, 55ல அது இல்ல. 265எஸ்ஸும் 39 கிராம்தான், அதுல டூயல் ஃப்ரீக்வன்சி இருக்கு, 165ல கிடையாது. கடைசில இருக்கிற அந்த எஸ்-ஐ விட்டுட்டு வெறும் 265 எடுத்துடாதீங்க, அது பெரிய சைஸ்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. கெட்டி அட்டைல 42 மில்லிமீட்டர் விட்டத்துல ஒரு வட்டம் வெட்டி, அதையே மூணு நாலு அடுக்கா ஒட்டி 12 மில்லிமீட்டர் தடிமன் வர வச்சு, கைல ரப்பர்பேண்ட் போட்டு மாட்டிப் பாருங்க. வட்டத்தோட ரெண்டு ஓரமும் மணிக்கட்டோட தட்டையான பகுதிக்குள்ள அடங்கணும். வெளிய நீட்டிக்கிட்டு நின்னா அடியில காத்துப் போற இடைவெளி விழும், எவ்வளவு நல்ல சென்சாரா இருந்தாலும் அந்த இடைவெளில வெளிச்சம் புகுந்துடும். நான் இதைச் செய்யாம படத்தைப் பார்த்து ஒரு பெரிய வாட்ச் வாங்கி ஒரு வருஷம் கஷ்டப்பட்டேன், அதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

நிதானநடை:

178 விஷயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்றேன், ஏன்னா இதே 178 என்னையும் ஒரு காலத்துல பயமுறுத்தி டாக்டர் வரைக்கும் கொண்டு போச்சு, ஈசிஜி எல்லாம் எடுத்துப் பார்த்து ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க.

வாட்ச் அடியில பச்சை விளக்கு மினுக்குது இல்லயா, அது தோலுக்குள்ள வெளிச்சம் பாய்ச்சி, ரத்தம் வந்து போறப்ப திரும்பி வர்ற வெளிச்சம் எவ்வளவு மாறுதுன்னு பார்த்துதான் துடிப்பை எண்ணுது. வாட்ச் தளர்வா இருந்து ஒவ்வொரு அடிக்கும் குதிச்சா, அந்தக் குதிப்பும் வெளிச்சத்தை மாத்தும். நிமிஷத்துக்கு எத்தனை அடி வைக்கிறீங்கன்னு பாருங்க, நிறைய பேருக்கு அது 160ல இருந்து 180க்குள்ள இருக்கும். வாட்ச் உங்க இதயத்தை எண்ணுறதுக்குப் பதிலா உங்க காலை எண்ணிட்டு இருக்கு! இதை கேடென்ஸ் லாக்னு சொல்லுவாங்க. சோதிக்கிறது சுலபம், ஓடி முடிச்சதும் ஆப்புல துடிப்பு கோட்டையும் கேடென்ஸ் (நிமிஷத்துக்கு எத்தனை அடி) கோட்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாருங்க, ரெண்டும் ஒட்டிக்கிட்டே போனா அதேதான். என்னோடது 172லயும் 173லயும் 20 நிமிஷம் ஒண்ணாவே ஓடியிருந்துச்சு, நடுவுல சிக்னலுக்கு நின்னு மறுபடி கிளம்பின பிறகுதான் துடிப்பு சட்டுனு 138க்கு இறங்கிச்சு.

லேசான வாட்ச் இதைக் குறைக்கும், முழுசா போக்காது. மணிக்கட்டு எலும்புல இருந்து ரெண்டு விரல் மேல ஏத்திக் கட்டுங்க, அங்க சதை இருக்கு, எலும்பு மேல கட்டினா சென்சார் ஆடிட்டேதான் இருக்கும். குளிர்ல முதல் பத்து நிமிஷம் வர்ற நம்பரை நம்பாதீங்க, தோலுக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சிருக்கும்.

ஆனா கெட்டில்பெல் சொன்னீங்களே, அதுக்கு மணிக்கட்டுல கட்டுற எந்த வாட்ச்சும் சரிப்படாது. பிடியை இறுக்கும்போது மணிக்கட்டுல தசைநாண் எல்லாம் விறைச்சு ரத்த ஓட்டமே மாறுது, பெல்லை மேல தூக்கி முன்கை மேல சாய்க்கும்போது அது வாட்ச் மேலயே வந்து இடிக்கும், கண்ணாடி போயிடும். நெஞ்சுப் பட்டை ஒண்ணு வாங்கிடுங்க. அது வெளிச்சத்தை நம்புறதில்ல, இதயத்தோட மின் சிக்னலையே எடுக்குது. போடுறதுக்கு முன்னாடி உள்பக்கம் இருக்கிற ரெண்டு பட்டையையும் தண்ணில நனைச்சுக்கணும், காஞ்சு கிடந்தா முதல் அஞ்சு நிமிஷம் கண்டபடி நம்பர் வரும். பட்டை அசௌகரியமா இருந்தா மேல்கைல கட்டுற பேண்ட் இருக்கு, அதுவும் வெளிச்ச முறைதான், ஆனா மேல்கை மணிக்கட்டு மாதிரி ஆடாது.

என் கருத்து இதுதான், விலை கூடின வாட்ச் வாங்கி மணிக்கட்டு துடிப்பை நம்பிட்டு இருக்கிறதைவிட, அடிப்படை வாட்ச்சும் ஒரு நெஞ்சுப் பட்டையும் சேர்த்து வாங்கினா பயிற்சி நல்லா நடக்கும்.

தண்டால்:

நைலான் ஸ்ட்ராப் பத்தி யாரும் சொல்லாத ஒண்ணு சொல்லணும். லேசுதான், எந்த இடத்துல வேணா இறுக்கிக்கலாம், 14.5 சுத்தளவுக்கு சிலிகான்ல ஓட்டை சரியா அமையாம ஒண்ணு ரொம்ப லூசு இல்லன்னா ரொம்ப டைட்னு ஆகும், அந்தப் பிரச்சனை நைலான்ல இல்லவே இல்ல. ஆனா வியர்வைய உறிஞ்சி வச்சுக்கும். தினமும் ஓடிட்டு துவைக்காம விட்டீங்கன்னா ஒரே வாரத்துல நாத்தம், அப்புறம் அரிப்பு. எனக்கு சிவப்பா தடிச்சு போய் பத்து நாள் வாட்ச்சே கட்ட முடியல. ரெண்டு ஸ்ட்ராப் வச்சுக்கிட்டு மாத்தி மாத்தி அலசிக் காயப்போட்டுக் கட்டுங்க.

தண்டாலுக்கு எந்த வாட்ச் வந்தாலும் பட்டன் குத்தும், அது எடை பிரச்சனை இல்ல, கை மடியுற இடத்துல வாட்ச் இருக்கிற பிரச்சனை. கழட்டி வச்சிட்டு பண்ணுங்க, இல்லன்னா முஷ்டிய மடக்கி, மணிக்கட்டு நேரா நிக்கிற மாதிரி எடுங்க. பயிற்சி நடுவுல பட்டனை லாக் பண்ற வசதி நிறைய வாட்ச்ல இருக்கு, அதைப் போட்டுக்கிட்டா பாதில நிக்காது.

அமோலெட் பத்தி, மேட்டுப்பாதை அண்ணா சும்மா பேர் மட்டும் சொல்லிட்டுப் போயிட்டார். உங்களுக்கு போன் நோட்டிஃபிகேஷன் எல்லாம் வேண்டாம்னா சாதாரண எம்ஐபி திரையே (வெளிய இருந்து படுற வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிக் காட்டுற திரை) நல்லது, உச்சி வெயில்ல ஓடும்போது வெயில் படப்பட இன்னும் தெளிவா தெரியும், பேட்டரியும் கூட நாள் வரும்.

காலைஓட்டம்:

நிதானநடை, உங்க பதிலைப் படிச்சிட்டு உடனே போய் பழைய ஓட்டம் எல்லாத்தையும் எடுத்துப் பார்த்தேன். ரெண்டு கோடும் அப்படியே ஒட்டிக்கிட்டு போகுது!! ரெண்டு மாசமா எனக்கு இதயத்துல ஏதோ கோளாறுன்னு மனசுக்குள்ள பயந்துட்டே ஓடினேன், அதனாலயே வேகமா ஓட வேண்டிய நாள்லயும் ஓடாம விட்டிருக்கேன். ரொம்ப ரொம்ப நன்றி.

டூயல் ஃப்ரீக்வன்சி பத்தி மட்டும் யாராவது சொல்லுங்க. நான் ஓடுற வழில பாதி தூரம் ரெண்டு பக்கமும் உயரமான கட்டடம், மீதி திறந்த வெளி.

வட்டப்பாதை:

நான் சொல்றேன். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் இருக்கிறது சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல, அங்க இருந்து சிக்னல் வந்து சேர எவ்வளவு நேரமாச்சுங்கிறதை வச்சுதான் வாட்ச் தூரத்தைக் கணக்கு போடுது, இடத்தையும் நேரத்தையும் சரியா கண்டுபிடிக்க குறைஞ்சது நாலு செயற்கைக்கோள் வேணும். ஒளி ஒரு மைக்ரோ செகண்டுல 300 மீட்டர் போயிடும், அப்ப நேரத்துல எவ்வளவு சின்னப் பிசகு வந்தாலும் இடம் எவ்வளவு தள்ளிப் போகும்னு யோசிச்சுப் பாருங்க. கட்டடத்துக்கு நடுவுல நேரா வர்ற சிக்னல் மறைஞ்சு, சுவத்துல பட்டுத் தெறிச்ச சிக்னல் தாமதமா வரும். வாட்ச் அதையும் நேரா வந்ததுன்னே எடுத்துக்கும், உங்க கோடு தெருவைத் தாண்டி கட்டடத்துக்கு உள்ள புகுந்து போறது அதனாலதான். வழக்கமான எல்1 அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ், டூயல்ல கூட சேர்த்துப் பிடிக்கிற எல்5 வந்து 1176.45. எல்5ல சிக்னலோட குறியீடு பத்து மடங்கு வேகமா மாறும், அதனால நேரா வந்தது எது, தெறிச்சு வந்தது எதுன்னு பிரிச்சுப் பார்க்க முடியுது.

உங்க பாதைல பாதி கட்டடம்னு சொல்றதால டூயல் இருந்தா உண்மையிலேயே உதவும், பேஸ் 3ல அது இருக்கு. முழுக்க திறந்த வெளின்னா வேண்டவே வேண்டாம்னு சொல்லியிருப்பேன். ஆனா டூயல் வந்தாலும் திரைல அந்த நொடிக்கான வேகத்தைப் பார்த்து ஓடாதீங்க, கிலோமீட்டருக்கு 5:40, 6:25, 5:55 நிமிஷம்னு குதிச்சுக்கிட்டே இருக்கும், அதைத் துரத்தினா கால் வீணாப்போகும். ஒரு கிலோமீட்டருக்கான லாப் பேஸை (ஓடிட்டு இருக்கிற அந்தக் கிலோமீட்டரோட சராசரி வேகம்) திரைல வச்சுக்கோங்க.

இன்னொண்ணு, போட்டி அன்னைக்கு வாட்ச் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதல் தூரம்தான் காட்டும். பாதைய மிகக் குறுகிய கோட்டுல அளந்திருப்பாங்க, நாம வளைவுல வெளிப்பக்கமா போவோம், ஆளைச் சுத்திப் போவோம், ஜிபிஎஸ் ஆட்டமும் சேரும். அரை மாரத்தான் 21.1 கிலோமீட்டர், அதுக்கு வாட்ச்ல 21.4 கிலோமீட்டர் காட்டினா, அது 6:00 பேஸ்னு சொன்னது நிஜத்துல 6:05. முடிவுல கிட்டத்தட்ட ரெண்டு நிமிஷம் போயிடும். ஒவ்வொரு கிலோமீட்டரையும் வாட்ச் தானா பிரிக்கிற ஆட்டோ லாப்பை ஆஃப் பண்ணிட்டு, வழில வச்சிருக்கிற கிலோமீட்டர் பலகை கிட்ட கையால லாப் பட்டனை அமுக்குங்க.

வாங்கினதும் வாரத்துக்கு ஒரு தடவையாவது போனோட சிங்க் பண்ணுங்க. செயற்கைக்கோள் எங்கெங்க இருக்கும்ங்கிற தகவல் அப்பதான் வாட்ச்சுக்குள்ள இறங்கும், இல்லன்னா கிளம்புற இடத்துலயே கைய தூக்கிட்டு நிமிஷக்கணக்கா நிக்கணும். சிக்னல் கிடைச்சிடுச்சுன்னு காட்டினதும் ஓடிடாதீங்க, இன்னும் அரை நிமிஷம் நின்னுட்டு ஸ்டார்ட் அமுக்குங்க.

காலைஓட்டம்:

அட்டை வட்டம் வெட்டி மாட்டிப் பார்த்தாச்சு. 42 சரியா அடங்குது, ரெண்டு பக்கமும் ஒரு நூல் இடம் மிச்சம் இருக்கு. பழைய வாட்ச்சை அதே இடத்துல வச்சுப் பார்த்தா ரெண்டு ஓரமும் வெளிய தொங்குது. பேஸ் 3 நைலானோட, கூட ஒரு நெஞ்சுப் பட்டை, இதுதான் முடிவு. பட்டைல ப்ளூடூத், ஆன்ட் ப்ளஸ்னு ரெண்டு போட்டிருக்கே, எதைப் பார்த்து எடுக்கணும்?

நிதானநடை:

ரெண்டுமே பட்டைல இருந்து வாட்ச்சுக்கு வயர் இல்லாம நம்பர் அனுப்புற முறைதான், ரெண்டுலயும் அனுப்புற பட்டையா எடுத்துடுங்கம்மா, பின்னாடி வாட்ச் மாத்தினாலும் பட்டை அப்படியே ஓடும். இப்போதைக்கு ப்ளூடூத்துல இணைச்சுக்கோங்க. வாட்ச்ல சென்சார் மெனுக்குள்ள போய்தான் இணைக்கணும், போன் ப்ளூடூத்துல முதல்ல இணைச்சுடாதீங்க, சில பட்டை ஒரு நேரத்துல ஒரு கருவியோடதான் பேசும், அப்புறம் வாட்ச்ல தேடினா சிக்கவே சிக்காது. முதல் நிதான ஓட்டம் ஓடிட்டு என்ன நம்பர் வருதுன்னு இங்கயே வந்து சொல்லுங்க.