தொட்டி எலுமிச்சையில் தளிர்கள் வெளிறுகின்றன, அடியிலிருந்து முள்கிளை எழுகிறது: உதவி தேவை

கேள்வி

வணக்கம். பால்கனியில் 40 செ.மீ. அகலத் தொட்டியில் குட்டையான மேயர் எலுமிச்சை ஒட்டுச்செடி ஒன்றை மூன்று ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். இரண்டு மாதங்களாக அதன் நுனித் தளிர்கள் மட்டும் மஞ்சளாகின்றன. நரம்புகள் பச்சையாகவே உள்ளன, அடி இலைகளில் குறையில்லை. தழைச்சத்து உரத்தை இருமுறை கூடுதலாக இட்டும் நிறம் திரும்பவில்லை. இதற்கிடையே தண்டின் அடியிலிருந்து நீண்ட முட்களுடன் எழுந்த ஒரு கிளை செடியையே மிஞ்சி வளர்ந்துவிட்டது. செடி தேறுகிறது என்று மகிழ்ந்தேன். ஆனால் இந்தப் பருவத்தில் ஒரு மொட்டுகூட வரவில்லை. எங்கே தவறினேன்?

பதில் 1

அந்தக் கிளையில் ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அது எலுமிச்சையே அன்று. ஒட்டுக்கு அடியில் வேராக உள்ள மூவிலை ஆரஞ்சின் போத்து, அதாவது வேர்ப்பகுதியிலிருந்து கிளம்பும் கிளை. கடுங்குளிரையும் தாங்கும் அந்த இனத்தின் மீது, குறிப்பாக அதன் 'ஃப்ளையிங் டிராகன்' என்னும் குட்டை வகையின் மீது ஒட்டுவதால்தான் பல எலுமிச்சை வகைகள் சிறிய மரங்களாக அடங்கி நிற்கின்றன. ஆனால் போத்தை விட்டுவைத்தால் வேர் தரும் வலிமையை அதுவே எடுத்துக்கொள்ளும். அடிக்குருத்து எஞ்சாதபடி தண்டோடு ஒட்டி வெட்டிவிடுங்கள். எந்த நீரை ஊற்றுகிறீர்கள், ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே தெரிகிறதா என்பதையும் சொல்லுங்கள்.

கேட்டவர்

மூன்று சிற்றிலைகள்தாம், இன்றே வெட்டிவிட்டேன். ஊற்றுவது கடின நீர். தொட்டியின் விளிம்பில் வெண்படலம் படிந்துள்ளது. சென்ற ஆண்டு மண் இறங்கியதால் மேலே கலவை சேர்த்தேன். அதில் ஒட்டுப் பகுதி மூடிவிட்டது.

பதில் 2

அந்த வெண்படலமே விடை சொல்கிறது. தழைச்சத்துக் குறைந்தால் முதிர்ந்த இலைகளே முதலில் மஞ்சளாகும், ஏனெனில் செடி அச்சத்தைப் பழைய இலைகளிலிருந்து எடுத்துத் தளிர்களுக்கு அனுப்பிவிடும். இரும்பை அவ்வாறு இடம் மாற்ற அதனால் இயலாது என்பதால் இரும்புக் குறை தளிரில்தான் தெரியும். உங்கள் மண்ணில் இரும்பு இருக்கலாம். சுண்ணாம்பு மிகுந்த நீரால் மண் காரமாகும்போது வேர் அதை உறிஞ்ச முடிவதில்லை. மூவிலை ஆரஞ்சின் வேர் இதில் மிகவும் நொய்மையானது. கார அமில நிலை (pH) 5.5 முதல் 6.5 வரை இருப்பதே எலுமிச்சை, நாரத்தை போன்ற இனங்களுக்கு உகந்தது.

இயன்றவரை மழைநீரை ஊற்றுங்கள். இரும்பை 'இ.டி.டி.எச்.ஏ.' (EDDHA) கிலேட்டாக, அதாவது வேர் உறிஞ்சும் நிலையில் இரும்பைப் பிடித்து வைக்கும் சேர்மமாக, உறையில் உள்ள அளவில் கொடுங்கள், 'இ.டி.டி.ஏ.' (EDTA) வகை கார மண்ணில் விரைவில் பயனிழக்கும். தழைச்சத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள். மேலே சேர்த்த கலவையை இன்றே விலக்கி ஒட்டுப் பகுதியை வெளிக்காட்டுங்கள். ஈர மண் அதை மூடியிருந்தால் தண்டு அழுகும், அப்படி இழந்த செடிகளை நான் பார்த்திருக்கிறேன். மண் எப்போதும் ஈரமாகவோ 13 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தோ இருந்தாலும் வேர் செயலிழந்து தளிர் வெளிறும். ஆகவே இரும்பு கொடுக்கும் முன் விரலை இரு அங்குலம் விட்டு ஈரத்தைச் சோதியுங்கள்.

கேட்டவர் (ஆறு வாரங்களுக்குப் பின்)

புதிய கொழுந்துகள் பச்சையாக வந்துள்ளன. முன்பு வெளிறியவை அவ்வளவாக மாறவில்லை. வெட்டிய இடத்தில் மீண்டும் ஒரு சிறு முளை தோன்றியது. பிஞ்சாக இருந்ததால் விரலாலேயே கிள்ளிவிட்டேன்.