ஸ்டெல்லா முனையில் திரும்பியவர் கிளிமஞ்சாரோ ஏறியவரா?

மலைப்பித்தன்:
பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. பயணக் கட்டுரைப் பகுதியில் கூடல்வாசி எழுதிவரும் "கிளிமஞ்சாரோ உச்சியைத் தொட்டேன்" தொடரின் ஆறாம் பகுதியைப் படித்தீர்களா? மச்சாமே வாயிலில் மழை, ஷிரா முகாமில் குளிர், பராங்கோ சுவரில் கைகால் நடுக்கம், எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக எழுதியவர், முக்கியமான இடத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டார். "ஸ்டெல்லா முனையில் சூரியன் உதிப்பதைக் கண்டேன், பிறகு இறங்கத் தொடங்கினோம்." அவ்வளவுதான். உஹுரு எங்கே?

எரிமலை வாயின் விளிம்பில் இருக்கும் ஸ்டெல்லா முனை 5,756 மீட்டர். கிளிமஞ்சாரோவின் உச்சி உஹுரு, 5,895 மீட்டர். கழித்துப் பாருங்கள். 139 மீட்டர். தொடாத உச்சியைத் தொட்டேன் என்று தலைப்பு வைத்தால் அதற்குப் பெயர் என்ன? நானும் அதே மச்சாமே வழியில் ஏழு நாள் நடந்து உஹுருவில் நின்றவன். அதனால்தான் வயிறு எரிகிறது.

கூடல்வாசி:
ஐயா, நான் எதையும் மறைக்கவில்லை. ஸ்டெல்லா முனை என்று நானே எழுதியதை எடுத்துக்கொண்டுதானே என்மேல் குற்றம் சாட்டுகிறீர்கள்? உச்சிக்கு முந்தைய கடைசி முகாமான பராஃபுவிலிருந்து நள்ளிரவில் புறப்பட்டு, சாம்பல் சரளையில் இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கி, முதுகுப் பையின் குடிநீர்க் குழாயில் இருந்த தண்ணீர் உறைந்து, ஏழு மணி நேரம் ஏறி எரிமலை வாயின் விளிம்பை அடைந்தேன். அங்கே வழிகாட்டி என்னை நேர்கோட்டில் நடந்து காட்டச் சொன்னார். குதிகாலையும் கால்விரலையும் ஒட்டி வைத்து நடக்க வேண்டும். நான்காவது அடியில் தடுமாறினேன். இனி கீழேதான் என்றார். இறங்கினேன். இது குற்றமா?

மலைப்பித்தன்:
இறங்கியது குற்றம் என்று யார் சொன்னது தம்பி? இறங்கியவர் "தொட்டேன்" என்று எழுதியதுதான் குற்றம். 139 மீட்டர் மிச்சம் இருக்கிறது.

குறிஞ்சிப்பூ:
மருத்துவராகச் சொல்கிறேன். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதியளவுதான். நேர்கோட்டில் நடக்க முடியாமல் தடுமாறுவது மூளையில் நீர் கோத்து வீங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அதற்கு முதல் மருந்து இறக்கம். உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டு இன்னும் ஒரு மணி நேரம் மேலே நடப்பது மருந்து ஆகாது. அந்த வழிகாட்டி ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார். இந்த இழையில் அவருக்கு ஒரு நன்றி சொல்லவும் ஆளில்லையே.

மலைப்பித்தன்:
அம்மா, வழிகாட்டிக்கு நூறு நன்றி. ஆனால் நான் கேட்டது மருத்துவக் கேள்வி அல்ல. இறங்கியது சரி, தலைப்பு தவறு. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

வரலாற்றையும் சொல்கிறேன். 1889 அக்டோபர் 3 அன்று ஜெர்மானியர் ஹான்ஸ் மேயரும் ஆஸ்திரிய மலையேறி லுட்விக் புர்ட்ஷெல்லரும் கிளிமஞ்சாரோவின் மிக உயர்ந்த கூம்பான கிபோவின் எரிமலை வாய் விளிம்பை எட்டினார்கள். உச்சி இன்னும் தள்ளி இருப்பதைக் கண்டார்கள், களைத்துப்போய்த் திரும்பினார்கள். "தொட்டுவிட்டோம்" என்று ஊருக்குக் கடிதம் எழுதவில்லை. மூன்று நாள் கழித்து, அக்டோபர் 6 அன்று மறுபடியும் ஏறி உச்சியில் நின்றார்கள். முதல் ஏற்றம் என்று உலகம் குறித்து வைத்திருப்பது அந்த ஆறாம் தேதியை. விளிம்பை உச்சி என்று மேயரே சொல்லவில்லை. நீங்கள் சொல்கிறீர்கள்.

தென்பொதிகை:
மேயருக்கு மூன்று நாள் கழித்துத் திரும்பி வர முடிந்தது. தேசியப் பூங்காக் கட்டணத்தை நாள் கணக்கில் கட்டிவிட்டு, விடுப்பு முடியும் தேதியைப் பையில் வைத்துக்கொண்டு போகிறவன் எப்படித் திரும்பி வருவான்? இதைக்கூட யோசிக்காமல் தேதிகளைக் கொட்டுகிறார்.

கஞ்சன்ஜங்காவை முதலில் ஏறியவர்கள் யார் என்று மலைப்பித்தன் சொல்லட்டும். 1955 மே 25, ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும். சிக்கிம் மன்னருக்குக் கொடுத்த வாக்குக்காக உச்சிக்குச் சில அடி கீழேயே நின்றுவிட்டார்கள். உச்சியை மிதிக்கவே இல்லை. ஆனாலும் முதல் ஏற்றம் அவர்களுடையதுதான். இதற்கு என்ன பதில்?

மலைப்பித்தன்:
பதில் இதோ. சில அடி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சில அடியும் 139 மீட்டரும் ஒன்றா? 139 மீட்டர் என்பது 450 அடிக்கும் மேல். அவர்கள் நிறுத்தியது வாக்குக்காக, முடியாமல் அல்ல.

எவரெஸ்டையும் பாருங்கள். 1953 மே 26 அன்று டாம் போர்டிலனும் சார்லஸ் எவன்ஸும் முதன்மை உச்சிக்குச் சற்றுக் கீழே இருக்கும் தென் உச்சி வரை போனார்கள். மிச்சம் ஏறக்குறைய 100 மீட்டர்தான். திரும்பிவிட்டார்கள். மூன்று நாள் கழித்து ஹிலாரியும் டென்சிங்கும் ஏறினார்கள். எவரெஸ்டை முதலில் ஏறியவர் யார் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேளுங்கள், போர்டிலன் என்றா சொல்கிறது? அங்கே 100 மீட்டருக்கே பெயர் இல்லை. இங்கே 139.

அருஷாவாசி:
நான் பதினோரு ஆண்டுகளாக, கிளிமஞ்சாரோ இருக்கும் தான்சானியாவின் அருஷா நகரில் கணக்காளராக வேலை பார்க்கிறேன். மலையேறும் குழுக்களின் கணக்கும் என் கைக்கு வருகிறது. அதனால் ஒரு செய்தி. ஸ்டெல்லா முனையை அடைந்தவர்களுக்கும் பூங்கா நிர்வாகம் சான்றிதழ் கொடுக்கிறது. மராங்கு வழியாகப் போகிறவர்கள் விளிம்பில் கால் வைக்கும் கில்மன் முனைக்கும் உண்டு, அது 5,685 மீட்டர்தான். தான்சானிய அரசே ஏற்றுக்கொண்டதை நம் மலைப்பித்தன் ஏற்க மறுக்கிறார்.

மலைப்பித்தன்:
அரசு ஏற்றுக்கொண்டது எதை? உஹுரு சான்றிதழும் ஸ்டெல்லா சான்றிதழும் ஒன்றா? இரண்டும் வேறு வேறு. எது வரை போனார் என்று அதிலேயே இருக்கும். கூடல்வாசி தன் சான்றிதழைப் பார்த்து, எந்த இடத்தின் பெயர் இருக்கிறது என்று இங்கே எழுதட்டும். ஒரே ஒரு சொல் போதும். அந்தச் சொல் "உஹுரு" என்றால் இந்த இழையை நானே மூடுகிறேன்.

1961 டிசம்பர் 9, இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதியான தாங்கன்யிகா விடுதலை பெற்ற இரவு. அந்நாட்டு ராணுவ அதிகாரி அலெக்சாண்டர் நியிரெண்டா விடுதலை விளக்கை ஏற்றியது அந்த உச்சியில். அதன் பிறகுதான் ஜெர்மானியப் பேரரசரின் பெயர் போய் உஹுரு, விடுதலை, என்ற பெயர் வந்தது. குளிர்கிறது, ஸ்டெல்லாவிலேயே ஏற்றிவிடலாம் என்று அவர் நினைத்திருந்தால்?

கூடல்வாசி:
நாட்டின் விடுதலையையும் என் சுற்றுலாவையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள். என் சான்றிதழில் ஸ்டெல்லா முனை என்றுதான் இருக்கிறது. அதை வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன், ஒளித்து வைக்கவில்லை. கிளிமஞ்சாரோ என்பது ஒரு மலை. அதன் மேல் விளிம்பில் நின்றவன் அதன் உச்சிப் பகுதியில் நின்றவன்தான்.

இன்னொன்று. என்னைத் தம்பி என்று அழைக்க வேண்டாம். எனக்கு 52 வயது.

மலைப்பித்தன்:
எனக்கு 58. தம்பிதான். "உச்சிப் பகுதி" என்று இப்போது எழுதுகிறீர்களே, தலைப்பில் அந்தப் "பகுதி" எங்கே போயிற்று?

தென்பொதிகை:
வயதைச் சொல்லி வாயை அடைப்பது இவருடைய பழைய வழக்கம். சென்ற ஆண்டு வெள்ளியங்கிரி இழையில் என்ன நடந்தது என்று புதியவர்களுக்குத் தெரியாது. மூங்கில் தடி ஊன்றி ஏறினேன் என்று நான் எழுதினேன். தடி ஊன்றியவன் பாதி மலைதான் ஏறினான் என்று எழுதியவர் இவர். லட்சக்கணக்கான பக்தர்கள் தடி ஊன்றித்தான் ஏறுகிறார்கள். இன்று வரை அதற்கு ஒரு வருத்தமும் தெரிவிக்கவில்லை. மச்சாமே வழியில் இவர் கையில் இருந்த இரண்டு அலுமினியத் தடிகள் தடிகள் இல்லையா? இவரே வெளியிட்ட படத்தில் இருக்கின்றன.

மலைப்பித்தன்:
வெள்ளியங்கிரியை நீங்களே எடுத்துத் தந்தீர்கள், நன்றி. ஆறாவது மலையில் ஆண்டி சுனையில் குளித்துவிட்டு, ஏழாவது மலைக்குப் போகாமல், சுயம்பு லிங்கத்தைப் பார்க்காமல் இறங்கி வந்தவர், வீட்டில் வந்து "வெள்ளியங்கிரி நாதரைத் தரிசித்தேன்" என்று சொன்னால் உங்கள் தாயார் ஏற்பாரா? ஆறு மலை ஏறிய கால் வலி உண்மைதான். தரிசனம் உண்மையா?

தடி விவகாரத்துக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். இங்கே இழுக்க வேண்டாம்.

தென்பொதிகை:
பதில் சொல்லவில்லை. இழை இன்னும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். என் தாயாரையும் இதில் இழுக்க வேண்டாம்.

குறிஞ்சிப்பூ:
ஒரு மருத்துவர் என்ற முறையில் எனக்கு இந்த ஒப்பீடுகளே அச்சமாக இருக்கின்றன. 139 மீட்டர், 139 மீட்டர் என்று பத்து முறை எழுதிவிட்டீர்கள். இதைப் படிக்கும் இளைஞன் ஒருவன் அடுத்த மாதம் ஸ்டெல்லாவில் தலை வெடிக்கும் வலியோடு நிற்கும்போது வழிகாட்டியின் பேச்சைக் கேட்பானா, உங்கள் பேச்சைக் கேட்பானா? ஸ்டெல்லாவிலிருந்து உஹுருவுக்கு முக்கால் மணி, சிலருக்கு ஒரு மணி நேரம். போவது மட்டுமல்ல, அதே வழியில் திரும்பியும் வர வேண்டும். தடுமாறுகிறவனை விளிம்பின் மேல் இரண்டு மணி நேரம் நடத்தச் சொல்கிறீர்களா?

மலைப்பித்தன்:
யாரையும் நடத்தச் சொல்லவில்லை, அம்மா. எட்டாவது முறையாகச் சொல்கிறேன், தலைப்பை மாற்றச் சொல்கிறேன். "கிளிமஞ்சாரோவில் ஸ்டெல்லா முனை வரை" என்று வைத்திருந்தால் முதல் ஆளாகப் பாராட்டியிருப்பேன்.

நானும் அந்த ஒரு மணி நேரத்தை நடந்தவன். ஸ்டெல்லா பலகையின் அருகில் உட்கார்ந்தபோது இது போதும் என்று உடம்பு கெஞ்சியது. வாந்தி எடுத்தேன். இடப்பக்கம் பனிச்சுவர்கள் வெளுக்கத் தொடங்கியிருந்தன. "போலே போலே", மெல்ல மெல்ல, என்று வழிகாட்டி சொல்லச் சொல்ல, ஐந்து அடிக்கு ஒருமுறை நின்று நின்று போனேன். என் வாழ்க்கையில் அதைவிட நீண்ட ஒரு மணி நேரம் கிடையாது. அந்த ஒரு மணி நேரத்தை நடக்காதவர் நடந்தவரின் சொல்லை எடுத்துக்கொள்ளக் கூடாது. இவ்வளவுதான் என் வாதம்.

அருஷாவாசி:
வாந்தி எடுத்தீர்கள். அப்போது உங்கள் பை யார் தோளில் இருந்தது?

மலைப்பித்தன்:
உதவி வழிகாட்டி சற்று நேரம் வாங்கி வைத்திருந்தார். அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

அருஷாவாசி:
தொடர்பு இருக்கிறது. 1991 முதல் வழிகாட்டி இல்லாமல் அந்த மலையில் யாரும் ஏற முடியாது. ஓர் ஆளுக்கு மூன்று நான்கு சுமைதூக்கிகள். சட்டப்படி ஒருவருக்கு 20 கிலோ, வாயிலில் நிறுத்துப் பார்த்துத்தான் விடுகிறார்கள். உங்கள் கூடாரம், மேசை, நாற்காலி, அரிசி, முட்டை, சமையல் வாயு எல்லாவற்றையும் தலையில் வைத்துக்கொண்டு உங்களுக்கு முன்னால் போய், நீங்கள் வருவதற்குள் கூடாரம் அடித்து வெந்நீர் வைத்தார்கள். நீங்கள் உச்சிக்கு ஏறிய இரவில் அவர்களில் பலர் பராஃபுவிலேயே காத்திருந்தார்கள். பராஃபு 4,600 மீட்டருக்கு மேல். உங்கள் கணக்குப்படி அவர்கள் கிளிமஞ்சாரோ ஏறாதவர்கள். ஆண்டுக்கு எத்தனை முறை அந்தச் சுமையோடு அங்கே போகிறார்கள் தெரியுமா? 139 மீட்டரை இவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருக்கிறீர்கள். உங்கள் சுமைதூக்கி ஒருவரின் பெயராவது நினைவில் இருக்கிறதா?

மலைப்பித்தன்:
மூன்று பேரின் பெயரும் நினைவில் இருக்கின்றன. அவர்களின் அனுமதி இல்லாமல் பொதுவில் எழுத மாட்டேன். வெகுமதியும் குறைவில்லாமல் கொடுத்தேன். அவர்களில் ஒருவரும் "உச்சியைத் தொட்டேன்" என்று தொடர் எழுதவில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன்.

கூடல்வாசி:
வெகுமதி என்றதும் நினைவுக்கு வருகிறது. என் பயண ஏற்பாட்டாளர், பெயர் வேண்டாம், கடைசி நாள், இறங்கி வெளியேறும் ம்வேகா வாயிலில் வெகுமதி உறையைத் தானே வாங்கிக்கொண்டார். சுமைதூக்கிகளுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று இன்றும் தெரியாது. அதை எழுத வேண்டும் என்றுதான் ஏழாம் பகுதியைத் தொடங்கினேன். அதற்குள் இந்த 139 வந்து குறுக்கே நிற்கிறது.

அருஷாவாசி:
உறையை ஏற்பாட்டாளர் கையில் கொடுத்தது உங்கள் தவறு. எல்லோரையும் நிற்க வைத்து, ஒவ்வொருவர் கையிலும் நேரடியாகக் கொடுக்க வேண்டும். புறப்படும் முன் யாரையாவது கேட்டிருக்கலாம்.

கூடல்வாசி:
ஆறு நாள் நடந்து, தலை சுற்றி, முந்தின நாள்தான் 5,756 மீட்டரிலிருந்து இறங்கியவனிடம் உறை பாடம் நடத்துகிறீர்கள். நீங்கள் அந்த மலையில் எது வரை ஏறியிருக்கிறீர்கள்?

அருஷாவாசி:
மராங்கு வழியில் ஹொரோம்போ குடில் வரை, 3,720 மீட்டர். நான் எதையும் தொட்டேன் என்று எங்கும் எழுதவில்லை.

மலைப்பித்தன்:
கவனியுங்கள். அருஷாவாசி எது வரை ஏறினாரோ அதை மட்டும் சொல்கிறார். நேர்மை என்றால் இது. நான் இத்தனை நேரம் கேட்டதும் இதைத்தான்.

அருஷாவாசி:
உங்கள் வாதத்துக்கு என்னைச் சாட்சியாக்க வேண்டாம். நான் உங்கள் பக்கம் இல்லை.

தென்பொதிகை:
அப்படியானால் தடி பற்றியும் இதே நேர்மையோடு வருத்தம் தெரிவிக்கலாமே.

மலைப்பித்தன்:
இது கிளிமஞ்சாரோ இழை. தலைப்பு இன்னும் மாறவில்லை. இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

கூடல்வாசி:
மாறாது. ஏழாம் பகுதி வெள்ளிக்கிழமை வரும், அதே தலைப்பில்.

மலைப்பித்தன்:
வரட்டும். முதல் பின்னூட்டம் என்னுடையதாக இருக்கும். என்ன எழுதுவேன் என்று உங்களுக்கே தெரியும்.