7 அடி, 3 வெயிட் ஃபிளை ராடுக்கு விலையும் எடையும் குறைந்த ரீல் எது?

ஓடைமீன்:
வணக்கம் நண்பர்களே. நான் இருப்பது வட கரோலினா, சார்லட். ஸ்மோக்கி மலையில் சின்ன ஓடைகளில் புரூக் ட்ரவுட் மீன் பிடிக்க வேண்டும் என்று 7 அடி, 3 வெயிட் (வீசும் லைனின் எடை எண், எண் குறைந்தால் லைன் லேசு) கிராஃபைட் ஃபிளை ராட், அதாவது செயற்கைப் பூச்சியை வீசும் தூண்டில் கோல், ஒன்று வாங்கியிருக்கிறேன். அங்கே ஓடைக்கு இரண்டு பக்கமும் ரோடோடெண்ட்ரான் புதர் (நம் ஊட்டிப் பக்கத்துக் காட்டுப்பூவரசின் இனம்தான்) கவிந்து கிடக்கும், அதற்குள் நீளமான ராடை வீச முடியாது, அதனால்தான் இந்த அளவு. ராடில் பிரச்சினை இல்லை, ரீல்தான் குழப்பம். வீட்டில் இருக்கும், 5/6 வெயிட் லைனுக்கான ரீலை மாட்டிப் பார்த்தால் கைப்பிடிக்குக் கீழே கனம் இழுக்கிறது, ராட் முனை ஆகாயத்தைப் பார்க்கிறது. கடையில் கேட்டால் தண்ணீர் புகாமல் மூடிய டிஸ்க் டிராக் (மீன் லைனை இழுக்கும்போது தடுக்கும் பிரேக்) உள்ளதுதான் வேண்டும், 250 டாலர் ஆகும் என்கிறார்கள். என்னிடம் இருப்பது 100, மிஞ்சிப்போனால் 120 டாலர், லைன் தனி. இந்த ஓடைகளுக்கு டிஸ்க் டிராக் உண்மையிலேயே தேவையா? எடை எவ்வளவு இருந்தால் சரி? நான் இடது கையால் சுற்றுபவன், அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

மலைக்காட்டான்:
தேவையே இல்லை தம்பி. நான் மலைக்கு அந்தப் பக்கம், டென்னசி மாநிலம் நாக்ஸ்வில்லில் இருக்கிறேன், இந்த ஓடைகள் எல்லாம் பழக்கம். புரூக் ட்ரவுட்தான் இந்த மலையின் சொந்த மீன், ரெயின்போவும் பிரவுனும் பிறகு கொண்டுவந்து விட்டவை. மேல் ஓடைகளில் அது 9 இன்ச் தாண்டினாலே படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பலாம். அந்த மீன் ஓடுவதற்கு அங்கே இடமும் கிடையாது, ஒரு பாறைக்கும் அடுத்த பாறைக்கும் நடுவே உள்ள குட்டைதான் அதன் உலகம். கொக்கியில் மாட்டியதும் இடது கையால் லைனை இரண்டு இழுப்பு இழுத்தால் காலடியில் வந்து நிற்கும், ரீல் பக்கம் கையே போகாது. ஆக இங்கே ரீலின் வேலை லைனைச் சுற்றி வைத்திருப்பது, வீசுவதற்காக நாம் லைனை வெடுக்கென்று உருவும்போது ஸ்பூல் (லைன் சுற்றியிருக்கும் உருளை) தறிகெட்டுச் சுழன்று சிக்கல் போடாமல் பிடித்துக்கொள்வது. அதற்கு, சின்னப் பல் ஒன்று டிக் டிக் என்று மாட்டித் தடுக்கும் சாதாரண கிளிக் ரீலே தாராளம். டிராக்குக்கு 150 டாலர் கூடுதலாகக் கொடுப்பதை விட இரண்டு டேங்க் பெட்ரோல் போட்டு மலைக்கு வரலாம்.

உங்கள் பணத்துக்கு ரெடிங்டன் ஜீரோ பாருங்கள், 2/3 அளவு. 3 அவுன்சுக்கும் குறைவு, அதாவது 85 கிராமுக்குள் வரும், விலையும் 100 டாலரை ஒட்டி. கொஞ்சம் கூடப் போடலாம் என்றால் ஆர்விஸ் பேட்டன்கில் கிளிக் ரீல், நாலு நிலையில் கிளிக்கின் இறுக்கத்தை மாற்றலாம், வேலைப்பாடும் கெட்டி. லாம்சன் லிக்விட் நல்ல ரீல்தான், ஆனால் அதில் நீங்கள் காசு கொடுப்பது டிராக்குக்கு.

ஒன்று சொல்ல மறந்தேன், ஸ்மோக்கி மலை தேசியப் பூங்காவுக்குள் மீன் பிடிக்க வட கரோலினா லைசென்ஸே போதும், டென்னசி பக்கத்து ஓடைக்கும் அதுவே செல்லும்.

பழையசரக்கு:
மேலே அண்ணன் சொன்னதில் பாதிக்கு ஒத்துப்போகிறேன். டிராக் வேண்டாம், சரி. ஆனால் ‘எவ்வளவு லேசோ அவ்வளவு நல்லது’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ரீல் ராடுக்குப் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். இதே 7 அடியில் ஃபைபர்கிளாஸ் ராட் என்றால் முனை கொஞ்சம் கனம், அதில் 80 கிராம் ரீலை மாட்டினால் முனை தரையைப் பார்க்கும், நாள் முழுக்க மணிக்கட்டு வலிக்கும்.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பார்த்துவிடலாம். ராடை முழுதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன ஜிப் பையில் கால் டாலர் நாணயங்களைப் போட்டு, ரீல் மாட்டும் இடத்தில் ரப்பர் பேண்டால் கட்டுங்கள். வீசும்போது ஆள்காட்டி விரல் எங்கே இருக்குமோ, கார்க் பிடியின் அந்த முன் பகுதியில் ஒற்றை விரலால் ராடைத் தாங்குங்கள். படுக்கையாக நிற்கும் வரை நாணயத்தைக் கூட்டிக் குறையுங்கள். ஒரு நாணயம் 5.67 கிராம், பெருக்கிக்கொள்ளுங்கள். வருகிற கணக்கில் லைனுக்கும் பேக்கிங்குக்குமாக (லைனுக்கு அடியில் ஸ்பூலில் சுற்றும் நூல்) 15 கிராம் போல் கழித்தால் மிஞ்சுவது வெறும் ரீலின் எடை. மிகச் சரியாக வர வேண்டும் என்றில்லை, கொஞ்சம் பின்கனமாக இருந்தால் கூட முனைக்கு வெளியே லைன் போனதும் சரியாகிவிடும்.

அப்புறம், புதுசுதான் வேண்டும் என்று யார் சொன்னது? பழைய ஃபுளூகர் மெடலிஸ்ட் 1492 ஈபேயில் 50 டாலருக்கு அடிக்கடி வரும். ஒகையோ மாநிலம் ஆக்ரனில் செய்த காலத்துச் சரக்கு என்றால் இன்னும் ஒரு தலைமுறைக்கு ஓடும். எடை கூடுதல்தான், உங்கள் கிராஃபைட் ராடுக்குச் சரிவருமா என்பதை நாணயப் பை சொல்லிவிடும். இடது கைச் சுற்று என்பதால் மாற்ற வருமா என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மலிவு ரீல் எதை வாங்கினாலும் ஸ்பூலுக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். டிப்பெட் (லைன் முனையில் பூச்சியைக் கட்டும் மெல்லிய இழை) நுனியை அதில் நுழைத்துப் பாருங்கள், சுலபமாக உள்ளே போனால் அந்த ரீலைத் திருப்பிக் கொடுங்கள். ஓடை நடுவில் மெல்லிய 6எக்ஸ் டிப்பெட் ஸ்பூலுக்குப் பின்னால் போய்ச் சுற்றிக்கொண்டால் அன்றைக்கு வாயில் வரும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. இன்னொன்று, வார்ப்பில் செய்த அலுமினிய ரீல் பாறையில் விழுந்தால் விளிம்பு உடையும், கட்டியிலிருந்து கடைந்தெடுத்தது என்றால் நசுங்குவதோடு நிற்கும். வழுக்குப் பாறை ஏறுகிற ஆள் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

வேல்ஸ்வாசி:
இங்கே வேல்ஸில் எங்கள் ஓடைகளும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான், மீன் மட்டும் பிரவுன் ட்ரவுட். பழைய லீடா ரிம்ஃபிளை ரீல்கள் இங்கே சல்லிசாகக் கிடைக்கும், வெறும் கிளிக்தான், ஸ்பூல் விளிம்பு வெளியே தெரியும். எப்போதாவது பெரிய மீன் மாட்டினால் உள்ளங்கையை விளிம்பில் வைத்து அழுத்தினால் போதும், அதுதான் டிராக்.

ரீலில் மிச்சம் பிடித்த காசை லைனில் போடுங்கள் என்பேன். வீச்சைத் தீர்மானிப்பது லைன்தான். 3 வெயிட் லைனின் முதல் 30 அடி 100 கிரெயின், அதாவது ஆறரை கிராம். நீங்கள் வீசப்போவதோ 15, 20 அடி, அதாவது ராடை வளைக்க அந்த எடையில் பாதிதான் வெளியே இருக்கும். அதனால் முன்பக்கம் கொஞ்சம் கனமான டபிள்யூஎஃப் (வெயிட் ஃபார்வர்ட்) லைன் எடுங்கள். சிலர் 4 வெயிட் லைனையே போடுகிறார்கள், மெதுவாக வளையும் ராடில் அது எனக்குப் பிடிப்பதில்லை. இரண்டு முனையும் ஒரே மாதிரி மெலியும் டபுள் டேப்பர் லைனும் நல்லதுதான், ஒரு முனை தேய்ந்தால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் ஸ்பூலில் இடம் அதிகம் பிடிக்கும், சின்ன ரீலில் விளிம்பை உரசும். ஸ்பூலின் நடுத்தண்டு ரொம்ப ஒல்லியாக இருந்தால் குளிர்காலத்தில் லைன் சுருள் சுருளாக வரும், அதையும் பாருங்கள்.

ஓடைமீன்:
எல்லோருக்கும் நன்றி. நாணயப் பை வேலை அருமை. 18 நாணயத்தில் ராட் நேராக நின்றது, அதாவது 102 கிராம். லைனைக் கழித்தால் 87. அப்படியானால் மலைக்காட்டான் அண்ணன் சொன்ன ஜீரோவே கணக்குக்குப் பொருந்துகிறது. மெடலிஸ்ட் மேல் ஆசை வந்துவிட்டது, ஆனால் இந்த ராடுக்குக் கனம். கிளிக் ரீலை இடது கைக்கு மாற்றுவது எப்படி? பேக்கிங் எவ்வளவு போட வேண்டும்?

மலைக்காட்டான்:
பெட்டியில் இருக்கும் தாளை முதலில் பாருங்கள் தம்பி, மாடலுக்கு மாடல் மாறும். பொதுவாக ஸ்பூலைக் கழற்றினால் உள்ளே ஒரு ஸ்பிரிங், அதன் நுனி அழுத்தத்தில் கிளிக் சத்தம் போடும் சின்னப் பல் தெரியும். சில ரீலில் அந்தப் பல்லைத் தூக்கித் திருப்பி வைக்க வேண்டும், சிலவற்றில் இரண்டு பல் இருக்கும், ஒன்றை விலக்கி மற்றதைச் சேர்க்க வேண்டும். மேசையில் வெள்ளைத் துணி விரித்துச் செய்யுங்கள், ஸ்பிரிங் தெறித்தால் கார்ப்பெட்டில் தேட முடியாது. லைனை உருவும் பக்கம் இறுக்கமாகவும், சுற்றும் பக்கம் லேசாகவும் இருந்தால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.

பேக்கிங் 20 பவுண்ட் தாங்கும் டேக்ரான் நூல், 50 கஜம் போதும். மீன் அதுவரை இழுக்கப் போவதில்லை, ஸ்பூல் நிரம்பி லைன் பெரிய சுருளாக இருப்பதற்குத்தான். நிரப்பி முடித்த பிறகு விளிம்புக்கும் லைனுக்கும் நடுவே ஒரு கால் இன்ச் இடைவெளி இருக்கட்டும், ஈரக் கையோடு அவசரமாகச் சுற்றும்போது லைன் ஒரே பக்கம் குவியும். பேக்கிங்கை ஸ்பூலில் கட்ட ஆர்பர் முடிச்சு. லைன் எடுக்கும் கடையிலேயே சுற்றித் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் காசு வாங்க மாட்டார்கள். இடது கை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.