மெட்ராஸ் தள வீட்டை இடிக்காமல் சீரமைக்க உதவி வேண்டும்
கும்பகோணத்தில் காவிரிக்கரையை ஒட்டிய தெருவில், இருபுறமும் பொதுச்சுவர் கொண்ட எங்கள் தாத்தா காலத்து வீட்டின் மெட்ராஸ் தளம் (உத்திரங்களின் மேல் மரக்கட்டைகளைப் பரப்பி, செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு போட்ட கூரை) கூடத்தில் ஒழுகுகிறது. தேக்கு உத்திரங்கள் உறுதியாகவே இருக்கின்றன. ஆனால் மேற்குச் சுவருக்குள் செருகியிருக்கும் மூன்று கட்டைகளின் நுனி, விரலால் அழுத்தினாலே பொடியாக உதிர்கிறது.

2019இல் தளத்தின் மேல் சிமெண்ட் பூசினோம், 2022இல் நீர்த்தடுப்புப் பெயிண்ட் அடித்தோம். சுண்ணாம்புத் தளத்தில் ஏறிய ஈரத்தைச் சிமெண்ட் வெளியேற விடாது என்பது, ஐப்பசி மழையில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்த பிறகுதான் புரிந்தது. வந்து பார்த்த இரண்டு பொறியாளர்களும் இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்டச் சொல்கிறார்கள். இடித்தால் பக்கத்து வீட்டுச் சுவர் தாங்குமா என்பதற்குப் பதில் இல்லை, அம்மாவுக்கும் அந்த முற்றத்தை விட மனமில்லை.

இற்ற கட்டைகளை மட்டும் மாற்றி, செங்கல்லைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் காரையில் தளம் போடத் தெரிந்த கொத்தனார் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் யாரேனும் இருக்கிறார்களா?